சாம்பிராணி குடித்த கணனி

சேசு மரி சூசை

மேற்பிரிவு,
எஹலியகொட.
09.02.2025

திருமதி அனிற்றா விஜேந்திரன் அவர்களுக்கு,

போதிய காலம் பேசாமல் இருந்துவிட்டேன். பத்தொன்பது வருடம் எந்த அளவுகோலுக்கும் குறைவானதல்ல. உன் கல்யாணத்தைப் பற்றிப் பேசத்தான் இந்த மௌனத்தை உடைக்கிறேன் என்று நினைத்துவிடாதே. அதைப் பற்றிய என் அபிப்பிராயம் வைத்த இடத்திலேயே இருக்கிறது. நான் எழுதுவது உன் கணனியைப் பற்றி.

நலம் விசாரிப்பது முறை. நலமாக இருப்பாய் என்று கொள்கிறேன். எனக்கு முழங்கால் வலி; வேறு குறையில்லை.

சென்ற ஞாயிறு பூசை முடிந்து தெரேசம்மா அத்தை சோற்றுப் பார்சலோடு வந்தார். கேகாலையில் உன் வீட்டுக்குப் போய்வந்த கதையைச் சொன்னார். "கம்பியூட்டர் சூடாகிச் சூடாகி நின்னுபோகுதாம்டா. பக்கத்து மூடியைக் கழட்டிப் போட்டுட்டு, மேசை ஃபேனை அதுக்கு நேரா வச்சிருக்காங்க. புள்ளைக்கு வேர்த்து ஊத்துது, காத்து வாங்குறது கம்பியூட்டரு!" யாரோ ஒரு திருத்துநர் கிராபிக்ஸ் கார்டை மாற்றச் சொன்னாராம். அதன்பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. பாடசாலை அதிபர் பதவி எனக்குக் கிடைக்காமல் செய்தவர்களைக்கூடத் தெருவில் கண்டால் தலையசைக்கிறேன். ஓர் இயந்திரத்துக்குப் பிழையான வைத்தியம் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

கார்டை மாற்றாதே. அதில் கோளாறில்லை. எத்தனை பாகையில் நிற்கிறது, எந்த வேலையின்போது நிற்கிறது, எங்கே வைத்திருக்கிறாய் என்று எழுது. தொலைபேசி வேண்டாம். தொலைபேசியில் நீ அழுவாய், நான் வைத்துவிடுவேன்.

இங்ஙனம்,
யோ. ஸ்ரான்லி, விஞ்ஞானமாணி,
இலங்கை ஆசிரியர் சேவை, தரம் 1.

*

கேகாலை.
20.02.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்காகத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். முழங்காலுக்குக் கோடாலித் தைலம் போடுங்கள், குளிர் நீரில் குளிக்காதீர்கள்.

கடிதத்தின் மேல் உறையைப் பார்த்ததும் எழுத்து யாருடையது என்று தெரிந்துவிட்டது. பிரிக்க அரைமணி நேரம் பிடித்தது. கடைசியில் பட்டமும் தரமும் போட்டிருந்தீர்கள். எழுதியது அண்ணனா, கல்விக் கந்தோரா என்று மறுபடி ஒருமுறை பார்த்தேன். நான் இரத்தினபுரியில் கன்னியர் மட விடுதியில் படித்தபோது நீங்கள் எழுதிய கடிதம் ஒன்றிலும் பெயரே இருக்காது. "கையெழுத்தைப் பாத்து ஆளைக் கண்டுபிடிக்கத் தெரியலன்னா நீ என் தங்கச்சியே இல்ல" என்பீர்கள். நினைவிருக்கிறதா?

கணனி கொழும்பில் பொருத்தியபடியே வாங்கியது. விளையாட்டுக்காகச் செய்தது என்றாலும் நான் அதில் நகை வரைகிறேன். இரத்தினபுரி நஜீப் முதலாளியின் கற்களுக்கு மாலை, காப்பு, பதக்கம் எல்லாம் முதலில் என் திரையில்தான் பிறக்கும். வரைந்ததை நிஜம்போல் படமாக்கும்போது தொண்ணூற்றேழு பாகைக்குப் போய் அணைந்துவிடுகிறது. ஜூன் ஆறாம் திகதிக்குள் கண்காட்சிக்கு இருபத்துநான்கு படங்கள் கொடுக்க வேண்டும். இதுவரை நான்குதான் முடிந்தது. "முடியலன்னா சொல்லுங்க தங்கச்சி, கொழும்புல ஒரு பொடியன் இருக்கான்" என்று முதலாளி சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரிப்பு எனக்குப் பயமாக இருந்தது. இந்த வேலையை நான் பதினோரு வருடமாகச் செய்கிறேன் அண்ணே. இது போனால் நான் எங்கள் ஹாட்வெயார் கடைக் கல்லாவில் ஆணி எண்ணிக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

கணனி இருப்பது அதே கடையின் பின்பக்கம், கல்லாவுக்கு அருகே. ஏர்த் கம்பி உள்ள பிளக் அங்கே மட்டும்தான் உண்டு.

உங்கள் சிநேகிதர் விசாரித்தார்.

உங்கள் அன்புத் தங்கை,
அனிற்றா

*

மேற்பிரிவு, எஹலியகொட.
27.02.2025

திருமதி அனிற்றா விஜேந்திரன் அவர்களுக்கு,

நலம். தைலம் போட்டேன். பயனில்லை.

எனக்குச் சிநேகிதர் என்று யாருமில்லை. ஒருவன் இருந்தான். ஞாயிறுதோறும் என்னோடு வந்து எங்கள் வீட்டில் சோறு தின்றவன், ஒரு ஞாயிறு வராமல் நின்றான்; மறுநாள் உன்னோடு பதிவாளர் கந்தோருக்குப் போனான். அதை எனக்குத் தெரேசம்மா அத்தை சொல்லித்தான் தெரியும். இத்துடன் இந்த விடயத்தை நிறுத்துகிறேன்.

உன் கணனியின் நோய் அதன் பெட்டி. அத்தையிடம் கேட்டறிந்தேன்: முன்பக்கம் முழுவதும் கண்ணாடி, விளிம்பில் விரலும் நுழையாத கீற்று, உள்ளே கலர் விளக்கு. காட்சிக் கூண்டு அது. காற்று வர வழியில்லாமல் விசிறி எத்தனை இருந்தாலும் அதே சூட்டைத்தான் கிளறிக்கொண்டிருக்கும். பக்கத்து மூடியைத் திறந்து வைப்பது காற்றின் பாதையைக் கெடுக்கும் வேலை. அந்த யோசனை எந்தக் கடைக்காரருடையது என்று நான் கேட்கவில்லை.

முன்பக்கம் வலை அடித்த நல்ல பெட்டி ஒன்றை வரவழைக்கிறேன். உன் கணனியின் உறுப்புகளை அதற்குள் மாற்றிவிடலாம். சரியான அளவுப் பெட்டியில் எந்த மதர்போர்டும் உட்காரும்; இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. கணனியை அனுப்பு. வேலை ஒரு பின்னேரம். கீழ்ப் பாதைக் காவற்காரரிடம் கொடுத்தால் போதும். உன் வீட்டார் யாரும் படியேறி வரத் தேவையில்லை.

இங்ஙனம்,
யோ. ஸ்ரான்லி, விஞ்ஞானமாணி.

*

உ

கேகாலை
16.3.2025

டேய் ஸ்ரான்லி,

நீ நல்லா இருப்பேன்னு நம்புறேன். எனக்கு எழுத்துத் தமிழ் வராதுன்னு உனக்குத் தெரியும், பேசுற மாதிரியே எழுதுறேன். பக்கத்துக் கடை அப்ஹமோட வேன்ல பெட்டியக் கொண்டாந்து காவக்காரர்கிட்ட குடுத்திருக்கேன். நீ சொன்ன மாதிரியே படி ஏறல. கீழ இருந்து பாத்தேன். உன் வீட்டு ஜன்னல் தெறந்திருந்திச்சு.

பள்ளிக்கூடத்துல உன்னை மச்சான்னு கூப்பிட்டப்ப உனக்குக் கோவம் வரல. நெசமாவே மச்சான் ஆனதும்தான் வந்திச்சு. சரி, அது உன் இஷ்டம். ஆனா உங்கப்பா செத்த அன்னைக்கு நான் சவப்பெட்டிக்குத் தோள் குடுக்க வந்தப்ப, "நாலு பேர் இருக்காங்க"ன்னு சொன்னியே, அது மட்டும் எனக்கு இன்னும் இருக்கு. உங்கப்பா கையால நான் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கேன்.

அனிற்றா ராவும் பகலும் அந்த மெஷினையே நெனச்சுக்கிட்டு இருக்கா. பாத்து செய்.

விஜேந்திரன்

*

சேசு மரி சூசை

மேற்பிரிவு, எஹலியகொட.
22.03.2025

திருமதி அனிற்றா விஜேந்திரன் அவர்களுக்கு,

நலம். தவக்காலமாதலால் கோபத்தை அடக்கிக்கொண்டு எழுதுகிறேன்.

கணனியைத் திறந்தேன். இயந்திரங்களைத் திறந்துவரும் முப்பது வருடத்தில் சிலந்தி வலை, பல்லி முட்டை, ஒரு தடவை எலிக்குஞ்சு கூடக் கண்டிருக்கிறேன். இப்படியொன்றைக் கண்டதில்லை. உள்ளே முழுவதும் பழுப்பு நிறத்தில் ஒட்டும் படலம். விசிறி இதழில், கூலரின் தகட்டிடுக்கில், வடிகட்டியில், எங்கும். முதலில் இங்குள்ள தோட்டத்து றப்பர் ஸ்டோரில் சீட் உலர்த்தும் புகை என்று நினைத்தேன். கணனி இங்கு வந்தே ஒரு கிழமைதான். பிறகு முகர்ந்து பார்த்தேன். சாம்பிராணி!

முன்பக்கத்தின் காற்றுக் கீற்றுகளில் என்ன அடைத்திருந்தது தெரியுமா? சந்தனம். காய்ந்து, அதன் மேல் சந்தனம், அதற்கு மேல் குங்குமம். கீற்றுகள் பதினாறில் பதினொன்று அடைபட்டிருந்தன. தராசுக்கும் கல்லாவுக்கும் பொட்டு வைப்பது வியாபாரிகளின் வழக்கம், அறிவேன். மூச்சு விடுகிற ஒரு பொருளின் மூக்கில் பொட்டு வைக்கும் மனிதனை இப்போதுதான் அறிகிறேன். உன் கணவர் வெள்ளிக்கிழமைதோறும் கணனிக்குத் தூபம் காட்டியிருக்கிறார். அது ஒவ்வொரு முறையும் ஆழ்ந்து மூச்சிழுத்து அதை வாங்கிக்கொண்டிருக்கிறது. அவரிடம் சொல்: பக்தியால் கொலை செய்யலாம்.

புதிய பெட்டி வந்துவிட்டது. உறுப்புகளைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டேன். அடுத்த கிழமை கைக்கு வரும்.

இங்ஙனம்,
யோ. ஸ்ரான்லி, விஞ்ஞானமாணி.

*

கேகாலை.
30.03.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். உங்கள் சுகமும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

பொட்டு வைத்தது அவர். தூபம் போட்டது நான்.

கல்யாணமாகி வந்த முதல் வெள்ளிக்கிழமை, மாமி பரிமளம் தூபக்காலை என் கையில் கொடுத்து, "உனக்கு இஷ்டமில்லன்னா வேணாம் புள்ள" என்றார். நான் வாங்கினேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேதக்காரப் பெண்ணுக்கு எப்படித் தெரியப்போகிறது என்று. நான் அதைச் சங்கிலியில் கட்டி, மூன்று தடவை முன்னால், மூன்று தடவை பக்கத்துக்கு, கனல் சிந்தாமல் ஆட்டினேன். மாமி வாயைப் பிளந்துவிட்டார். "எங்க புள்ள பழகின?" என்றார். அண்ணே, பலிபீடத்தில் பாதருக்குத் தூபக்கலசம் ஆட்டியது யார்? பழைய மாஜரின் டின்னில் கயிறு கட்டி, வீட்டுக்குப் பின்னால் எனக்கு ஆட்டப் பழக்கியது யார்? இந்தக் கடையில் வெள்ளிக்கிழமைதோறும் நான் ஆட்டுவது அதைத்தான்.

ஆகவே கொலைகாரர்கள் என்றால் நாம் மூன்று பேரும்தான்.

கணனி எப்போது வரும்? பழைய மடிக்கணனியில் வரைய மட்டும் முடிகிறது; படமாக்க முடியவில்லை. முதலாளி இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

உங்கள் அன்புத் தங்கை,
அனிற்றா

*

கேகாலை.
24.04.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பாஸ்குத் திருநாள் வாழ்த்துகள். நாங்கள் சுகம். நீங்கள் சுகமா என்றுகூடத் தெரியவில்லை.

மூன்றரைக் கிழமையாக ஒரு வரி இல்லை. நான் எழுதியதில் கோபமா? கோபமென்றால் கோபத்தோடேயே எழுதுங்கள், எனக்குப் பழக்கம்தான். இருபது படங்கள் மிச்சம். ஒரு படத்துக்குப் பதினாறு மணி நேரம். மே இருபதுக்குள் கணனி கையில் இல்லாவிட்டால் நானாகவே முதலாளியிடம் முடியாது என்று சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்ல என்னை விடாதீர்கள்.

அனிற்றா

*

மேற்பிரிவு, எஹலியகொட.
30.04.2025

திருமதி அனிற்றா விஜேந்திரன் அவர்களுக்கு,

நலம். இங்கே பின்னேரங்களில் இடியும் மழையும். அடிக்கடி மின்சாரம் நிற்கிறது. பெரிய வெள்ளி ஆயத்தங்களும் இருந்தன.

சாம்பிராணிப் பிசின் போக்க எந்தக் கரைப்பான் உகந்தது என்பதில் கவனம் செலுத்த வேண்டியிருந்தது. காற்று கீழே புகுந்து மேலே வெளியேறும் முறை பற்றியும் சில குறிப்புகள் எழுதிவைத்திருக்கிறேன். சூடான காற்று மேலெழும் என்பது ஏழாம் வகுப்புப் பாடம். பெட்டி செய்பவர்கள் அந்த வகுப்பில் இருக்கவில்லை போலும்.

தூபக்கலசத்தைப் பற்றி எழுதியிருந்தாய். வாசித்தேன்.

இங்ஙனம்,
யோ. ஸ்ரான்லி.

*

மேற்பிரிவு, எஹலியகொட.
05.05.2025

உரிமையாளர்,
விஜேந்திரன் ஹாட்வெயார்,
கேகாலை.

ஐயா,

இரும்புத் தகடு தொடர்பாக

கீழ்க்காணும் பொருளைச் செய்து தர முடியுமா என அறியத் தருக. இரண்டு மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்புத் தகடு, தொண்ணூற்றைந்து மில்லிமீற்றர் சதுரம், நடுப்பகுதி வெட்டி நீக்கப்பட்டுச் சட்டமாக இருக்க வேண்டும். நான்கு மூலைகளிலும் துளை. துளைக்குத் துளை எழுபத்தைந்து மில்லிமீற்றர். மூன்று மில்லிமீற்றர் மரை வெட்டப்பட வேண்டும். அளவுப் படம் இணைக்கப்பட்டுள்ளது.

காரணம்: மேற்படி கணனியைச் செய்தவர்கள் புரொசெசரைக் குளிர்விக்கும் கூலரை மதர்போர்டில் பொருத்தவில்லை. மதர்போர்டையும் ஊடுருவி, பழைய பெட்டியின் தகட்டிலேயே திருகியிருக்கிறார்கள். பெட்டியை விட்டு எடுத்ததும் கூலருக்குப் பிடி இல்லை. எந்தப் பெட்டியிலும் உட்காரும் என்று நான் எழுதியிருந்தது இந்தக் கணனியைப் பொறுத்தவரை பிழை. இதை நான் மார்ச் இருபத்துநான்காம் திகதியே அறிவேன். கொழும்பில் விசாரித்தேன், பொருத்தமான பின்தகடு வர ஆறு கிழமை என்றார்கள். உமது கடையில் துளையிடும் இயந்திரம் உண்டு என்று அத்தை சொன்னார்.

மே இருபது பற்றி உமக்குத் தெரிந்திருக்கும்.

யோ. ஸ்ரான்லி

*

உ

கேகாலை
8.5.2025

டேய்,

நல்லாருக்கியா? ஆறு கிழமையா ஒரு தகட்டுக்கா முழிச்சிக்கிட்டு இருந்தே? ஐயாவாம், உரிமையாளராம்! கடுதாசிய நாலு தடவ வாசிச்சேன். மூணாவது தடவதான் நீ பிழைன்னு எழுதியிருக்கிறது கண்ணுல பட்டுச்சு. அந்த எடத்த அனிற்றாகிட்ட காட்டல.

தகடு வெட்டியாச்சு. இத எல்லாம் தபால்ல போட ஏலாது. சனிக்கிழமை நானே கொண்டாறேன். இந்தத் தடவ படி ஏறுவேன்.

விஜே

*

கேகாலை.
08.06.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். உங்கள் முழங்கால் எப்படி? இனித் தைலம் பற்றிப் பேச மாட்டேன்.

இருபத்துநான்கு படங்களும் போய்விட்டன. ஐந்தாம் திகதியே. ஒன்பது மணி நேரத்தில் ஒரு படம் முடிகிறது. எழுபத்தொரு பாகைக்கு மேல் ஏறவில்லை, சத்தமும் இல்லை. முதல் நாள் ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்த்தேன். நஜீப் முதலாளி நீலக்கல் மாலையின் படத்தைப் பார்த்துவிட்டு, "இது படமா, நான் நகைன்னு நெனச்சு எடுக்கக் கையை நீட்டிட்டேனே" என்றார். அடுத்த வருட வேலையும் எனக்குத்தான்.

ஒன்று மட்டும் தெரிந்தாக வேண்டும். அன்று உங்கள் வீட்டில் என்ன நடந்தது? இவர் கணனியோடு நனைந்து வந்தார். "என்னாங்க பேசினீங்க?" என்றால் சிரிக்கிறார். "ஒண்ணும் பேசல, சந்தனம் காயிறதப் பாத்துக்கிட்டு இருந்தோம்" என்கிறார். இது என்ன பதில்?

உங்கள் அன்புத் தங்கை,
அனிற்றா

*

சேசு மரி சூசை

மேற்பிரிவு, எஹலியகொட.
17.06.2025

அனிற்றா,

நலம். நீயும் அவ்வாறே இருப்பாய். உன் வேலை கைநழுவாதது தெரிந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

அவன் சொன்னது உண்மைதான். மழையில் படியேறி வந்தான். கதவைத் திறந்தேன். உள்ளே வா என்று சொன்னேனா என்பது நினைவில்லை, வந்துவிட்டான். தகட்டைப் பத்திரிகைத் தாளில் சுற்றியிருந்தான். பிரித்தால் நான்கு துளையும் மயிரிழை பிசகாமல் இருக்கின்றன. அதன் மூலையில், ஈரமாக, ஒரு சந்தனப் பொட்டு. துணியை எடுத்தேன்.

"தொடைக்கிறியா?" என்றான்.

"ஈரச் சந்தனம் கரண்டைக் கடத்தும்."

"காஞ்சா?"

யோசித்தேன். "காய்ந்தால் கடத்தாது."

"அப்ப காய வைடா."

ஆகவே காத்திருந்தோம். தகட்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையில் வைக்க றப்பர் தேவைப்பட்டது. "தோட்டத்துல இல்லாத றப்பரா?" என்று அவன் ஒரு சீட்டைத் தூக்கினான். தோட்டத்துச் சீட் சூட்டில் இளகிவிடும், சைக்கிள் டியூப்தான் சரி என்றேன். "வாத்தியார் மாறவே இல்ல" என்று அவனே வெட்டித் தந்தான். அவன் தகட்டைப் பின்னால் தாங்கிப் பிடிக்க, நான் முன்னாலிருந்து திருகினேன். இரண்டு கையால் அது ஆகாது. ஏப்ரல் மாதம் முழுவதும் முயன்று பார்த்திருக்கிறேன்.

"பத்தொம்போது வருஷத்துல ஒரு தடவ நான் வந்து கதவத் தட்டியிருந்தா தெறந்திருப்பியா?" என்றான்.

"தகட்டோடு வந்திருந்தால் திறந்திருப்பேன்" என்றேன்.

அதற்குத்தான் அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

பிறகு கணனியைப் பொலித்தீனில் சுற்றி வேனுக்குக் கொண்டுபோனோம். நாற்பத்தொரு படி, பாசி. ஒருவன் தனியே தூக்கக்கூடிய பாரம்தான். நான் ஒரு பக்கத்தைப் பிடித்ததும் அவன் மறுபக்கத்தைப் பிடித்தான். நாலு பேர் இருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லியிருக்கக் கூடாது. இதை அவனிடம் நீ சொல்லலாம்.

இனிப் பராமரிப்பு. வலைக்குப் பின்னால் கழற்றக்கூடிய வடிகட்டி வைத்திருக்கிறேன், சனிக்கிழமைதோறும் கழுவு. வெள்ளிக்கிழமை தூபத்தை நிறுத்த வேண்டாம். அதற்கு முன் கணனியை அணைத்து, ஈரத்துணியால் மூடு. புகை அடங்கிய பிறகு எடு. புதிய பெட்டியின் மேற்பக்கத்தில் வலது மூலை துளையில்லாத வெறும் தகடு. பொட்டு அங்கே வைக்கலாம். அதைப் பார்த்துத்தான் அந்தப் பெட்டியைத் தெரிந்தெடுத்தேன் என்று அவனிடம் சொல்லாதே. உண்மையுமல்ல, பெட்டி வந்த பிறகுதான் கண்டேன். ஆனால் கண்டதும் அதைத்தான் நினைத்தேன்.

வடிகட்டியைப் பார்க்க ஒருநாள் வருவேன். வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வருவேன். கனல் சிந்தாமல் ஆட்டுகிறாய் என்று நீ எழுதியதை நான் கண்ணால் காண வேண்டும்.

இவ்வளவும் எழுதிவிட்டுப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பட்டத்தைப் போட்டால் கல்விக் கந்தோர் என்பாய். மற்றச் சொல்லை எழுத இந்தக் கைக்கு இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும். தபாற் கந்தோர் நாலு மணிக்கு மூடிவிடும், மழையும் இருட்டிக்கொண்டு வருகிறது. கையெழுத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க உனக்குத் தெரியும். பெயர் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.